லண்டன் அடுக்களையில் சுண்ணப் படிவு

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் பெரும்பரப்பு வெண்சுண்ணப் பாறையின்மீது அமைந்திருக்கிறது. சில்டர்ன் குன்றுகளிலும் நார்த் டவுன்ஸ் மேட்டு நிலத்திலும் பெய்யும் மழை, காற்றிலிருந்து சிறிதளவும் மண்ணிலிருந்து அதைவிட மிகுதியாகவும் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலத்தன்மை பெற்று, பாறையின் பிளவுகளில் இறங்கும்போது சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு ஊற்றுகளாகவும் கிணற்று நீராகவும் மறுபடி வெளிப்படுகிறது. தேம்ஸ் ஆற்றுக்கும் லீ ஆற்றுக்கும் இந்த ஊற்றுகளின் நீரே பெரும் பங்காக வந்து சேர்வதால், லண்டன் நகரத்தார் ஆற்று நீரைப் பருகினாலும் கிணற்று நீரைப் பருகினாலும் அவர்கள் வீட்டுக்குள் வருவது சுண்ணம் கரைந்த நீர்தான். இவ்வாறு கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்திருக்கும் நீரைக் கடின நீர் என்பர். அவ்வுப்புகளில் ஒரு பகுதி நீரைக் கொதிக்க வைத்தவுடன் வாயுவை இழந்து கரையாத சுண்ணக் கார்பனேட்டாகப் பிரிந்து கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பெயர். கொதித்தாலும் பிரியாமல் நீரிலேயே தங்கிவிடும் சல்பேட், குளோரைடு உப்புகளால் வருவது நிலையான கடினத்தன்மை எனப்படும். கெட்டிலின் அடியிலும் குழாயின் வாயிலும் சிங்கின் ஓரத்திலும் வெள்ளையாக இறுகிக் கிடக்கும் படிவு, முதல் வகையின் வேலை.

இந்தப் படிவை நீக்குவது வீட்டுக் குறிப்புகளின் கணக்கில் சேர்க்கப்பட்டு, வினிகரும் எலுமிச்சையும் பற்றிய சில வரிகளோடு முடிந்துவிடும் செய்தியாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் லண்டனைப் பொறுத்தவரை, நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரிக்கும் வேலையை நீர் வழங்குபவர் செய்வதா, நீரைப் பெறும் வீட்டார் செய்வதா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெளிப்படையாக எழுந்தது. வேதியியல் அறிஞர்களும் அரசு அமைப்புகளும் அதை விவாதித்தனர். முடிவு வீட்டாரின் தலையில் விழுந்தது. அடுக்களைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு வேலையின் பின்னே இப்படியொரு நிர்வாக முடிவு இருந்தது என்பது, இந்த வரலாற்றை வீட்டுக் குறிப்புகளுக்கு அப்பால் கொண்டுசெல்கிறது.

சுண்ணம் எவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் நீரில் தங்குகிறது என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விளங்காத புதிராக இருந்தது, ஏனெனில் தூய நீரில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் அது ஏறத்தாழ கரைவதே இல்லை. ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 1756இல் வெளியிட்ட ஆய்வில், சுண்ணக் கல்லுக்குள் ஒரு வாயு பிணைந்திருப்பதையும், கல்லைச் சுட்டால் அது வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுவதையும் நிறுவினார். அந்த வாயுவை லண்டன் குடிநீரோடு தொடர்புபடுத்தியவர் ஹென்றி கேவண்டிஷ். நகரின் ராத்போன் பிளேஸ் என்னும் தெருவில் கிடைத்த நீரைக் காய்ச்சும்போது மிகுதியான சுண்ணம் பிரிந்து விழுவதைக் கண்ட அவர், அந்நீரிலிருந்து வெளிப்படும் வாயுவைச் சேகரித்து அளந்து, சுண்ணத்தோடு பிணையக்கூடிய அளவுக்கும் மேலாக அவ்வாயு நீரில் இருப்பதே சுண்ணம் கரைந்து நிற்பதற்குக் காரணம் என்று 1767இல் ராயல் சொசைட்டியின் இதழில் விளக்கினார். அதே நீரில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சேர்த்தாலும் சுண்ணம் பிரிகிறது என்பதையும் அவர் செய்து பார்த்திருந்தார். ஒரு தெருவின் நீரை வைத்து எழுதப்பட்ட இந்த ஆய்வில், பின்னாளில் ஒரு நகரத்துக்கே மென்னீர் வழங்கும் திட்டத்துக்கான விதை இருந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் யாரும் நீர் வார்க்கவில்லை.

அதற்குள் படிவு அடுக்களையில் பெருந்தொல்லையாகிவிட்டது. தேநீர் எளிய குடும்பங்களின் அன்றாடப் பானமாகப் பரவப் பரவ, கெட்டில் நாளில் பலமுறை அடுப்பேறியது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை உள்ள நீரில் நாளொன்றுக்கு 5 லிட்டர் கொதித்தால், சுண்ணம் முழுவதும் பிரிவதாகக் கொண்டால் நாளுக்கு 1 கிராம், ஆண்டுக்குக் கால் கிலோவுக்கும் மேல், கெட்டிலின் அடியில் சேரும். அது வெப்பத்தை எளிதில் கடத்தாத கல் என்பதால் நிலக்கரி வீணாகும். உதிரும் செதில்கள் கோப்பையில் மிதக்கும். இதற்கு லண்டன் வீடுகளில் கையாளப்பட்ட முறைகளுள் கூர்ந்து நோக்கத்தக்கது கெட்டிலுக்குள் ஒரு சிப்பி ஓட்டையோ ஒரு பளிங்குக் கோலியையோ போட்டுவைப்பதாகும். சிப்பி அக்காலத்தில் லண்டன் ஏழைகளின் மலிவான உணவு என்பதால் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. கொதிநீரில் பிரியும் சுண்ணம் புதிய இடத்தில் படிகமாகத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே சுண்ணப் படிகமாக இருக்கும் ஒரு பரப்பின்மீது வளர்வதே எளிது. ஓடும் பளிங்கும் அதே சுண்ணக் கார்பனேட்டால் ஆனவை ஆதலால் படிவின் ஒரு பகுதியைத் தம்மேல் இழுத்துக்கொண்டன. தவிரவும் கொதிக்கும்போது அவை உருண்டு உராய்வதால், அடியில் படிவது இறுகுமுன் சேறாகக் கலைந்து, கவிழ்த்தால் வெளியேறிவிடும். இந்த உத்தி, பின்னர் கம்பி வலைச் சுருளாக மாறிக் கடைகளில் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கப்படுகிறது.

ஓடு தடுக்காமல் விட்டதை வினிகர் கரைத்தது. இரவில் வினிகர் ஊற்றிவைத்தால் அமிலம் சுண்ணத்தோடு வினைபுரிந்து, பிளாக் கண்ட அதே வாயு குமிழிகளாக வெளியேற, படிவு கரையும் உப்பாக மாறிவிடும். ஆனால் ஈயப்பூச்சு தேய்ந்த செப்புக் கெட்டிலில் வினிகரை ஊறவிடுவது நஞ்சான செப்பு உப்புகளை உண்டாக்கும் என்பதால், அதைச் செய்தவர்கள் பிறகு பலமுறை அலச வேண்டியிருந்தது. வசதியுள்ள வீடுகளில் இந்த வேலை அடுக்களைக்குப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் அறையில், வேலைக்காரர் வரிசையில் கடைசிப் படியில் இருந்த சிறு பெண்ணுடையதாயிற்று. சாமர்செட்டின் பிரிட்ஜ்வாட்டர் ஊரில் ஆற்று வண்டலைச் சுட்டுச் செய்த தேய்ப்புக் கல்லும், சலவைச் சோடாவும், மணலும் அவளுடைய கருவிகள். அவற்றால் பிசுக்கு போகும், துரு போகும், இறுகிய சுண்ணம் மட்டும் எளிதில் போகாது. ஆலைகளின் நீராவிக் கொதிகலன்களிலோ நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. படிவு தடித்த இடத்தில் இரும்புத் தகடு அளவுமீறிச் சூடேறி வலுவிழக்கும் என்பதால், கொதிகலனைக் குளிரவிட்டு, ஆட்கள் உள்ளே தவழ்ந்து சென்று சுத்தியலால் செதிலைக் கொத்தி எடுத்தனர். உருளைக்கிழங்கைக் கொதிகலனுக்குள் போடும் வழக்கமும் இருந்தது. அதன் மாவுச்சத்து சுண்ணத்தை இறுகவிடாமல் கொழகொழப்பான சேறாக வைத்திருந்தது.

இந்தப் பின்னணியில் 1841இல் அபர்டீன் நகரின் மரிஷல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க் ஒரு காப்புரிமை பெற்றார். கடின நீரில் சுண்ணத்தைக் கரைய வைத்திருப்பது மிகுதியான கரியமில வாயு என்றால், அந்த வாயுவைக் கவர்ந்துகொள்ளும் பொருளைச் சேர்த்தால் சுண்ணம் தானே விழுந்துவிடும். அந்தப் பொருள் நீற்றிய சுண்ணாம்பு. சேர்த்த சுண்ணாம்பும் நீரில் ஏற்கெனவே இருந்த சுண்ணமும் ஒருங்கே கார்பனேட்டாகி அடியில் தங்க, மேலே தெளிந்த மென்னீர் நிற்கும். சுண்ணாம்பைப் போட்டுச் சுண்ணாம்பை நீக்குவது என்னும் இம்முறை கேட்போருக்கு விந்தையாகத் தோன்றினாலும், கேவண்டிஷ் குடுவையில் கண்டதைத் தொட்டியளவுக்குப் பெருக்கியதே ஆகும். அத்தோடு கடினத்தன்மையை அளக்க ஒரு வழியையும் கிளார்க் வகுத்தார். அளவறிந்த சோப்புக் கரைசலை நீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்பதற்கு எவ்வளவு கரைசல் தேவைப்பட்டது என்று பார்த்தால் போதும், ஏனெனில் கால்சியம் தீரும்வரை சோப்பு நுரைக்காமல் கரையாத வெண்திரியாகத் திரிந்துகொண்டே இருக்கும். ஒரு கேலன் நீரில் 1 கிரெயின் சுண்ணக் கார்பனேட்டுக்கு நிகரான கடினத்தன்மை கிளார்க் அளவில் 1 டிகிரி. அது லிட்டருக்கு ஏறத்தாழ 14.3 மில்லிகிராம். லண்டன் நீர் சுமார் 20 டிகிரி என்றால் லிட்டருக்கு 285 மில்லிகிராம் ஆகிறது. 1 கிராம் சுண்ணம் சுமார் 6 கிராம் உலர் சோப்பைத் திரியச் செய்யும் என்ற கணக்கில், அத்தகைய 1000 லிட்டர் நீர், ஒரு துணியை வெளுப்பதற்கு முன்னமே 1.7 கிலோ சோப்பை விழுங்கிவிடும். சோப்பின்மீது பிரிட்டிஷ் அரசு 1853 வரை தீர்வை விதித்துவந்ததை எண்ணினால், கிளார்க் சோப்பை அளவுகோலாகத் தேர்ந்தது வெறும் வேதியியல் வசதிக்காக என்று கொள்ள இயலாது; கடின நீரால் வரும் இழப்பை இல்லத்தரசியின் செலவுக் கணக்கிலேயே அது காட்டியது.

1850இல் பொதுச் சுகாதார வாரியம் லண்டன் நீர் வழங்கல் பற்றி வெளியிட்ட அறிக்கை இந்த இழப்பைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. தேம்ஸ் நீரைக் கைவிட்டு, சுண்ணமற்ற மணற்பாங்கான சர்ரே மேட்டு நிலங்களிலிருந்து மென்னீரைத் திரட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ரிஃபார்ம் கிளப்பின் சமையற்கூடத்தை நடத்திப் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர் அலெக்சிஸ் சோயே, கடின நீர் காய்கறிகளைச் சமைப்பதற்கு ஏற்றதன்று என்று வாரியத்தின்முன் சான்று கூறினார். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் தவித்த எந்தத் தமிழ் வீட்டாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. பயறின் உயிரணுச் சுவர்களை இணைக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளைக் கால்சியம் கெட்டிப்படுத்திவிடுகிறது. மறு ஆண்டில் அரசு அமர்த்திய தாமஸ் கிரஹாம், வில்லியம் மில்லர், ஆகஸ்ட் ஹாஃப்மன் ஆகிய மூன்று வேதியியலாளர்களும் லண்டன் நீரை ஆராய்ந்து, அதை மென்மையாக்கும் வழிகளையும் எடைபோட்டனர். ஆனால் 1852இல் நிறைவேறிய தலைநகர நீர்ச்சட்டம், தேம்ஸில் நீர் எடுக்கும் இடத்தைக் கடலேற்றம் எட்டாத டெடிங்டன் மடைக்கு மேலே மாற்றுமாறும் நீரை வடிகட்டுமாறும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியதே தவிர, கடினத்தன்மையைப் பற்றி எந்தக் கடமையையும் அவர்கள்மேல் சுமத்தவில்லை.

இதைச் சட்டம் இயற்றியவர்களின் அலட்சியம் என்று மட்டும் கூறுவது நியாயமாகாது. நகரை வாந்திபேதி அலைக்கழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் கழிவுநீர் கலவாத குடிநீரே முதல் தேவையாக இருந்தது. கிளார்க் முறையிலும் இடர்ப்பாடு உண்டு: சேர்த்த சுண்ணாம்பும் சேறாகவே திரும்ப வருவதால், லிட்டருக்கு 200 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மையை நீக்கினால் 10 லட்சம் லிட்டருக்கு 400 கிலோ சுண்ணச் சேறு மிஞ்சும், அதைத் தெளியவிடத் தொட்டியும் கொட்ட நிலமும் வேண்டும். 1854இல் பிளம்ஸ்டெட் பகுதியில் இம்முறையில் இயங்கும் நீர்நிலையம் அமைக்கப்பட்டு, முறை செயற்படக்கூடியதே என்று மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் அது நகர் முழுவதற்கும் பரவவில்லை. சேற்றின் செலவு நிறுவனத்தின் ஏட்டில் ஏறும், சோப்பின் செலவோ ஆயிரக்கணக்கான வீடுகளில் சில்லறையாகச் சிதறிவிடும். சிதறிய செலவுக்காக வழக்காட ஆளில்லை என்பதே இதில் அடங்கிய உண்மை எனலாம்.

வழக்காட ஆளிருந்த ஊர்களில் கதை வேறு. துணி ஆலைகளும் சாயப் பட்டறைகளும் மென்னீருக்கு விலை தரத் தயாராயிருந்த வடக்கு நகரங்கள் மலைநீரை நாடின. கிளாஸ்கோ நகரம் 1859இல் கேட்ரின் ஏரியின் நீரைக் குழாய்வழிக் கொண்டுவந்ததும், அங்குள்ள வீடுகளில் சோப்புச் செலவு குறைந்தது ஊரறிந்த செய்தியாயிற்று. ஆனால் சுண்ணப் படிவுக்கு ஒரு நற்பயனும் இருந்ததை அந்நகரங்கள் பின்னரே உணர்ந்தன. அக்கால வீட்டுக் குழாய்கள் காரீயத்தால் ஆனவை; கடின நீர் அவற்றின் உட்புறத்தில் சுண்ணப் போர்வை விரித்துக் காரீயத்தை மறைத்தது, மென்மையான சதுப்பு நிலத்து நீரோ அதைக் கரைத்துக் குடிப்பவர் உடலில் சேர்த்தது. 1880களில் ஷெஃபீல்டு நகரில் காரீய நஞ்சேற்றம் பரவியதற்கு இதுவே காரணம். கெட்டிலின் அடியில் கல் சேர்கிறதே என்று அலுத்துக்கொண்ட லண்டன் குடும்பங்களை அதே கல் ஓரளவு காத்தும் வந்தது.

வீட்டுக்குள்ளேயே நீக்க வேண்டியதாகிவிட்ட படிவைக் கரைக்கவல்ல அமிலங்களுள் ஒன்று அதற்கு முன்பே வணிகச் சரக்காகியிருந்தது. சுவீடனின் வேதியியலாளர் ஷீலே 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்திருந்தார். அவர் கையாண்ட வழி, சாற்றில் சுண்ணத்தைச் சேர்த்துக் கால்சியம் சிட்ரேட்டாக வீழ்த்தி, பின் கந்தக அமிலத்தால் அதை விடுவிப்பது. 1820களில் இங்கிலாந்தில் ஸ்டர்ஜ் குடும்பத்தார் இதே வழியில் தொழில்முறை உற்பத்தியைத் தொடங்கினர். இத்தாலியில், குறிப்பாகச் சிசிலித் தீவில், எலுமிச்சைச் சாற்றைச் சுண்ணத்தோடு சேர்த்துப் பெற்ற கால்சியம் சிட்ரேட் அவர்களுடைய மூலப்பொருள். சுண்ணத்தைக் கொடுத்துப் பெற்ற அமிலம் சுண்ணத்தையே கரைக்க வல்லது என்ற இந்தச் சுற்றுவழிக்கு 1917இல் மாற்று பிறந்தது. அவ்வாண்டில் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கரி, ரொட்டியிலும் பழத்திலும் படரும் ஒரு கருப்புப் பூஞ்சை, சர்க்கரைக் கரைசலில் மிகுதியான சிட்ரிக் அமிலத்தைச் சுரப்பதை அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில் ஃபைசர் நிறுவனம் அதைத் தொழிற்சாலையில் செயற்படுத்தியது. சிசிலியின் எலுமிச்சை வணிகம் இதனால் நலிந்தது. இன்று பொட்டலத்தில் விற்கும் சிட்ரிக் அமிலத் தூளுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் ஏறத்தாழ உறவே இல்லை.

சிங்க் இந்த வரலாற்றில் தாமதமாகவே நுழைகிறது. பாத்திரம் கழுவும் தொட்டி கல்லாலும், மரத்தின்மேல் அடித்த காரீயத் தகட்டாலும், பின்னர் வெள்ளைப் பளபளப்பேற்றிய சுடுமண்ணாலும் செய்யப்பட்ட காலத்தில், அதன்மேல் படிந்த சுண்ணம் கண்ணில் உறுத்தவில்லை. ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு, தமிழில் எவர்சில்வர் என்று வழங்குவது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்குகளில் பரவலானபோதுதான் ஒவ்வொரு துளியும் தடம் விட்டுச்செல்வது தெரியலாயிற்று. இங்கே கொதிநிலை தேவையில்லை; குழாயின் அடிவளையத்தில் தேங்கிய துளி மெல்ல உலரும்போது நீரும் போகிறது, வாயுவும் போகிறது, சுண்ணம் வட்டமாக நிற்கிறது. அடுத்த துளி அந்த வட்டத்தின் விளிம்பிலேயே தங்கி உலர்வதால் விளிம்பு உயர்ந்துகொண்டே வரும். சோப்பின் திரிந்த பிசுக்கும் தேயிலைச் சாயமும் அதனுள் அடைபட்டுப் பழுப்பேறும். அத்தகைய கலவைப் படிவை அமிலம் மட்டும் எளிதில் தொடுவதில்லை. முதலில் சோடாவோ சலவைத் திரவமோ கொண்டு பிசுக்கை அகற்றி, பிறகே வினிகரில் நனைத்த துணியைக் குழாயின் அடியில் சுற்றிவைக்க வேண்டும்.

எந்த அமிலம் சிறந்தது என்பது அதன் வலிமையை மட்டும் பொறுத்ததன்று, வினைக்குப்பின் உண்டாகும் கால்சியம் உப்பு நீரில் எவ்வளவு கரையும் என்பதையும் பொறுத்தது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் வலிமை குறைந்ததாயினும், அதன் கால்சியம் உப்பு தாராளமாகக் கரையும். கால்சியம் சிட்ரேட் குறைவாகவே கரைவதோடு, சூடேறினால் மேலும் குறைவாகக் கரையும். ஆகவே சிட்ரிக் அமிலத்தைக் கொதிக்க வைத்தால் ஒரு படிவு போய் இன்னொரு படிவு வரக்கூடும். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பித்தளையையும் செம்பையும் பளிச்சிட வைக்கும் புளி, உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைக் கறையில் அந்த அளவுக்குக் கைகொடுக்காததற்கும் இதுவே விடை. புளியின் டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படர்ந்த ஆக்சைடைக் கரைப்பதில் வல்லது. ஆனால் கால்சியம் டார்டரேட் நீரில் மிகக் குறைவாகவே கரைந்து, கறையின் மேலேயே மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நொடியில் வேலையை முடிக்கும், கூடவே எவர்சில்வரின் மெருகைக் குழி விழ அரித்துவிடும். எந்த அமிலமும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

நீர் வீட்டைச் சேருமுன் சுண்ணத்தை நீக்கும் எண்ணம், இருபதாம் நூற்றாண்டில் வேறு வடிவில், வீட்டு வாசலுக்கு உட்புறமாகத் திரும்பி வந்தது. மண் சில உப்புகளைப் பிடித்துக்கொண்டு மாற்றாகச் சுண்ணத்தை விடுவிக்கிறது என்று 1850இல் தாம்சன், வே ஆகிய இரு ஆங்கிலேயர் வேளாண்மைக்காகக் கண்டறிந்த அயனிப் பரிமாற்றத்தை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ராபர்ட் கான்ஸ் நீரை மென்மையாக்கப் பயன்படுத்தினார். 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வகத்தில் அதற்கான செயற்கைப் பிசினைத் தயாரித்தனர். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அடியில் உப்பு கொட்டும் அறை இருப்பது இந்தப் பிசினைப் புதுப்பிக்கவே: பிசின் பிடித்த கால்சியத்தை உப்பிலுள்ள சோடியம் வெளியேற்றிக் கழிவுநீரில் அனுப்புகிறது. இங்கிலாந்தின் குடிநீர் விதிகளில் கடினத்தன்மைக்கு இன்றும் உச்சவரம்பு இல்லை. லண்டனுக்கு நீர் வழங்கும் நிறுவனம் ஒவ்வொரு பகுதியின் கடினத்தன்மையையும் பிற அளவுகளோடு கிளார்க் டிகிரியிலும் வெளியிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து இயந்திரத்தின் திருகைச் சரியான இடத்தில் வைத்து உப்பை நிரப்ப வேண்டியவர் வீட்டில் இருப்பவரே.